ஆறுதல் குழுத் தலைவருக்கு வந்த அக்கி

ஜெயசுந்தர் சார் ஒரு துன்பத்தைப் பார்த்துவிட்டு அதற்கு நோக்கம் சொல்லாமல் வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். கேள்வி என்று ஒன்று இருந்தால் பதிலும் இருந்தே ஆக வேண்டும், பதில் தெரியாவிட்டாலும் பேப்பரை வெறுமனே மடித்துக் கொடுக்கக்கூடாது என்று காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய நாக்கு. ரிட்டயர் ஆனதும் அது சும்மா கிடக்குமா? சபையில் ‘ஆறுதல் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தலைவர் யார் என்ற பேச்சு வருவதற்கு முன்பே தலைவராகவும் ஆகிவிட்டார்.

விருதுநகரில் இருந்து சிவகாசிக்குப் போகிற ரோட்டோரம் இருக்கிற சிறிய சபை அது. பாதிப் பேர் டீச்சர், நர்ஸ் என்று மாதச் சம்பளக்காரர்கள். மீதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். அந்தப் பக்கத்தில் மழைக்குப் பஞ்சம் உண்டு, துன்பத்துக்கு இல்லை. யார் வீட்டில் என்ன நடந்தாலும் சார் தன் குழுவோடு போய் இறங்குவார். வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே காபி போட்டுக் கொண்டுவருவாள். டம்ளர் ஆறுவதற்குள் நோக்கம் சொல்லப்பட்டுவிடும். வியாபாரம் நொடித்தவனுக்குப் பணத்தாசை நீக்கம். பிள்ளை இல்லாதவளுக்குப் பொறுமை. கான்சர் வந்த வீட்டுக்கு, பொன்னைப் புடம்போடுவது. ஒரு தடவை அய்யாதுரை வீட்டுப் பசுமாடு செத்ததற்குக்கூட அரை மணி நேரம் நோக்கம் சொன்னார். மாடு ஏற்கனவே கிழம் என்று அய்யாதுரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், சார் விடவில்லை.

சார் சொன்னவற்றிலேயே சிறந்தது என்று குழுவினர் இன்றும் பேசிக்கொள்வது நேசகுமார் விஷயம். நேசகுமார் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது மருந்து கலக்கும் ரூமில் தீப்பிடித்து, உள்ளே கிடந்த ஒரு பெண்ணை இழுத்து வெளியே போட்டதில் இரண்டு கையும் வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கைகளை நெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் மனைவி எவாஞ்சலின், அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சார் அந்தக் கைகளைப் பார்த்தார். வெடி செய்த கைகள் இனி ஜெபத்துக்கு மட்டுமே உயரட்டும் என்று கர்த்தர் தமக்கென்று எடுத்துக்கொண்டார் என்றார். குழுவில் இரண்டு பேர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேசகுமார் “சரி சார்” என்றான். சாருக்குத் திருப்தி.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் சித்திரை மாத வெயிலில், வலது விலாவில் அக்கி வந்தது.

முதல் நாள் வேர்க்குரு என்று நினைத்தார். மறுநாள் கொத்துக்கொத்தாகக் கொப்புளம் எழும்பி, முதுகில் இருந்து மார்பு வரைக்கும் பட்டை கட்டியது. தீக்கங்கை எடுத்து இடுப்புத் துண்டுக்குள் செருகிக்கொண்டது போல எரிந்தது. சட்டை பட்டால் எரிச்சல், காற்றுப் பட்டால் எரிச்சல். விருதுநகரில் டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்து, கொப்புளம் காய்ந்தாலும் நரம்பு வலி கொஞ்ச காலம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். பொறுத்துக்கொள்வது என்பது மற்றவர்களுக்குச் சொல்லும்போது எவ்வளவு சின்ன வார்த்தையாக இருந்தது என்று சார் யோசித்துக்கொண்டே ஆட்டோவில் வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா என்றார்.

தலைவருக்கே துன்பம் என்றால் குழு சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். சாரின் மனைவி ஞானதீபம் காபி போட உள்ளே போனாள். குழுவினர் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வலி எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள், கேட்டால் விவரமாகச் சொல்லலாம் என்று சார் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் நோக்கம் தெரிந்திருந்தது.

“கர்த்தர் உங்களைப் பெருசா ஒரு ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்துறாரு சார்” என்றார் ஒருவர்.

“ஏதாவது அறிக்கை பண்ணாத பாவம் இருக்கான்னு ஆராஞ்சு பாருங்க” என்றார் இன்னொருவர், அன்பாக.

கடைசியாக அய்யாதுரை தொண்டையைச் செருமினார். பசுமாட்டுக்குப் பிறகு அவருடைய மனைவியும் கான்சரில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

“பொன்னைத்தான் சார் புடம்போடுவாரு. தகரத்தைப் புடம்போடமாட்டாரு. எங்க வீட்டுக்காரி கான்சர்ல கிடக்கும்போது நீங்க இதைத்தான் சொன்னீக. அன்னைக்கு எனக்கு எம்புட்டு ஆறுதலா இருந்துச்சோ அம்புட்டு ஆறுதல் இன்னைக்கு உங்களுக்கும் இருக்கும்” என்றார். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் சாருக்குத் தாங்கவில்லை.

அன்று நேசகுமாரும் வந்திருந்தான். வாசல்படி தாண்டாமல் நிலையில் சாய்ந்தபடி சாரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ‘இவனுக்கு எவ்வளவு செய்தோம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா’ என்று சார் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“சொன்ன ஆளுக சொன்னது பத்தாதா” என்று ஞானதீபம் டம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பும்போது குண்டு ஒன்றைப் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் கொடுக்கிற நற்கருணை ஆராதனை. அதில் சார் எழுந்து, துன்பத்தின் நோக்கம் என்ன என்று தன் அனுபவத்தில் இருந்து சாட்சி சொல்ல வேண்டும். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஊருக்கெல்லாம் சாட்சி எழுதிக் கொடுத்துப் பேசவைத்த மனிதர். சரி அய்யா என்று சொல்லிவிட்டார். பத்து நிமிஷம் நிமிர்ந்து நிற்க முடியாத உடம்பை வைத்துக்கொண்டு மேடை ஏறுவது எப்படி என்பதுதான் கேள்வி.

“மல்லாங்கிணத்துல சோணைமுத்துன்னு ஒரு வேளாரு இருக்காராம். அக்கி எழுதுறதுல கெட்டிக்காரராம். காவியக் கரைச்சு எழுதுனா குளுகுளுன்னு இருக்குமாம். போயி எழுதிட்டு வாங்க. நம்ம ஆளுக யாரு அம்புட்டுத் தூரம் வரப்போறாக?” என்றாள் ஞானதீபம்.

சார் அவளை முறைத்தார். முறைப்பதற்குக் காரணம் இருந்தது. மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் அக்கிக்குக் காவியால் சிங்கம் எழுதிக்கொள்வது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம். சபையார் மட்டும் செய்யக்கூடாது, அது அஞ்ஞானம். போன வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பொன்மணி, தன் பிள்ளைக்கு அக்கி வந்தபோது தாங்கமாட்டாமல் எழுதிவிட்டாள். விஷயத்தைக் கமிட்டியில் வைத்து, அவளைச் சபை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்து, மூன்று மாதம் நற்கருணை கிடையாது என்று தீர்மானம் போட்டவர் வேறு யாரும் இல்லை, சார்தான். அந்தப் பிள்ளையின் அக்கி அவள் விசுவாசத்துக்கு வைத்த பரீட்சை என்றும், அதில் அவள் பெயில் என்றும் அன்று சொன்னார்.

அந்த வீராப்பு வெள்ளிக்கிழமை வரைக்கும் தாக்குப்பிடித்தது. சனிக்கிழமை கருக்கலில் மொபெட்டை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சார் மல்லாங்கிணற்றுக்குப் போய்விட்டார்.

சோணைமுத்து வேளார் பேச்சுக் கொடுக்காத மனிதர். கல்லில் காவியை உரைத்துக்கொண்டே சட்டையைக் கழற்றச் சொன்னார்.

“பெரியவரே, சிங்கத்துக்குப் பதிலா சிலுவை மாதிரி ஏதாவது எழுத முடியுமா?” என்று சார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எனக்குச் சிங்கந்தான் வரும் சாமி. அதுவே பாக்குறதுக்கு நாய் மாதிரிதான் இருக்கும். வேணும்னா எழுதுறேன், வேணாம்னா சட்டையைப் போட்டுக்கங்க.”

வேதத்திலும் சிங்கம் வருகிறதே என்று சார் மனதைத் தேற்றிக்கொண்டு விலாவைக் காட்டினார். ஈரக் காவி பட்டதும் எரிந்துகொண்டிருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மருந்தா, மாயமா, வெறும் ஈரமா என்று ஆராய்கிற நிலையில் அவர் இல்லை. வலி ஒரு படி இறங்கியது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நாளைக்கும் ஒரு தடவை எழுதணும், கழுவிரக்கூடாது என்றார் வேளார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மறுபடியும் போய், கொஞ்சம் தாராளமாகவே எழுதச் சொல்லி, நேராகக் கோயிலுக்கு வந்தார். கலர் சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஞானதீபம் முந்தின நாளே சொன்னாள். சாட்சி சொல்பவர் வெள்ளை ஜிப்பாவில்தான் நிற்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம்.

அன்று பார்த்து கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் நின்றன. சித்திரை வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வழியாக இறங்கியது. சார் மேடையேறி, துன்பத்தைக் கண்டு நான் கலங்கவில்லை என்று ஆரம்பித்தார். முதல் இரண்டு நிமிஷம் வலியோடு பேசினார். பிறகு பழக்கம் கைகொடுத்தது. குரல் ஏறியது, கை ஏறியது, வேர்வை ஆறாக ஓடியது. துன்பம் வரும்போது மனுஷரிடம் ஓடாதே, மாயத்திடம் ஓடாதே என்று வலது கையை வானத்துக்கு உயர்த்தினார்.

முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். சாரின் வெள்ளை ஜிப்பாவில், சரியாக வலது விலாவில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அது பெரிதாகிக்கொண்டே போனது.

“சிலுவையில ஆண்டவருக்கு ஈட்டி குத்துன இடம்” என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். யாரோ முழங்காலில் விழுந்தார்கள். பின்னாலேயே பத்துப் பேர் விழுந்தார்கள். இந்த மாதிரி அற்புத ரத்தக் காயங்களில் எல்லாம் நம் சபைக்கு நம்பிக்கை இல்லை என்று போதகர் எத்தனையோ பிரசங்கம் செய்தவர். கண்ணெதிரே ஊறுவதைப் பார்த்ததும் அவருக்கே நாக்குக் குழறியது. தன் சபையில் இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிஷப் வரைக்கும் போகுமே என்று மனசுக்குள் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது.

சார் குனிந்து பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சபை முழுக்க அழுதுகொண்டு அவரைப் பார்க்கிறது. இத்தனை வருஷம் அவர் சொல்லி வந்த அத்தனைக்கும் மேலே இருந்து கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம், உண்மையைச் சொல்லப்போனால் நல்ல கொஞ்ச நேரம், அது அவருக்குப் பிடித்திருந்தது.

எவாஞ்சலின் பஞ்சும் துணியுமாக மேடைக்கு வந்தாள். நர்ஸ் அல்லவா, ரத்தம் என்றால் அவளுக்குக் கட்டுப்போட வேண்டிய சமாச்சாரம். ஜிப்பாவை லேசாக விலக்கிப் பார்த்தாள். உள்ளே வேர்வையில் கரைந்த சிங்கம் கால் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். ஜிப்பாவைப் பழையபடி இறக்கிவிட்டாள்.

“கட்டுப்போடணும். வெளிய வாங்க சார்” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். வாங்க.”

தப்பித்தாகிவிட்டது. சார் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் மேடையின் கீழே வந்து நின்றாள் பொன்மணி. கையில் ஒரு கைக்குட்டை இருந்தது. மடித்து, சுத்தமாக, புதுசு.

“சார், அந்த ரத்தத்தை இதுல ஒரு தொடு தொட்டுத் தாங்க. பிள்ளைக்கு ராத்திரியில இருந்து காய்ச்சல். தலமாட்டுல வைக்கணும். நான் அன்னைக்குப் பெயிலாப் போனவதான். பிள்ளைக்காகத் தாங்க சார்” என்றாள்.

சாருக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கியைவிட அது மோசமாக எரிந்தது. எவாஞ்சலின் கையை விலக்கிவிட்டுத் திரும்பி நின்றார்.

“இது ரத்தம் இல்ல, காவி. மல்லாங்கிணத்துக்குப் போயி அக்கி எழுதிக்கிட்டேன். வலி பொறுக்க முடியல” என்றார். “எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ஒரு நோக்கமும் தெரியல. வலிக்குது, அதுதான் தெரியும்.”

முழங்காலில் இருந்தவர்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். சிலர் முகத்தில் கோபம். ஏமாற்றியதற்காக அல்ல, இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டதற்காக. பொன்மணி மட்டும் கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற தோரணை ஏதும் இல்லாமல் கேட்டாள்.

“அப்ப எனக்கு மட்டும் மூணு மாசம் நற்கருணை இல்லன்னீகளே சார்?”

போதகர் தரையைப் பார்த்தார்.

“எனக்கும் இல்லம்மா” என்றார் சார். “நீ அன்னைக்குப் பெயிலாகல. பிள்ளை அழுதுச்சு, நீ தூக்கிட்டு ஓடுன. எனக்கு அன்னைக்கு அது புரியல.”

இறங்கி வந்து முன் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தார். போதகர் சுதாரித்துக்கொண்டார். அருமையானவர்களே, இந்த அறிக்கையை வெளியே கொண்டுவருவதற்காகவே கர்த்தர் நம் சகோதரருக்கு அக்கியை அனுமதித்தார் என்று ஒரே மூச்சில் நோக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். சபைக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமென் என்றார்கள். அய்யாதுரை கொஞ்சம் கூடுதல் சத்தமாகச் சொன்னார்.

பிறகு நற்கருணை. வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். ஒவ்வொரு நற்கருணைக்கும் முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் திறக்காமல் இருப்பவர் சார். தான் போன பிறகு பின்னால் யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்று உட்கார்ந்தே இருந்ததால் பெஞ்சுகள் காலியாவது தெரிந்தது. விலா எரிந்தது. லேசாகத் திரும்பினார். கடைசி பெஞ்சில் ஓரமாக நேசகுமார் உட்கார்ந்திருந்தான்.

சார் எழுந்து, காலி பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நீ போகலையாப்பா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

நேசகுமார் மடியில் கிடந்த கைகளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே மடங்கி, தோல் பளபளவென்று இருந்தது. சார் அவற்றை ஆஸ்பத்திரியில் கட்டோடு பார்த்ததுதான். கட்டுப் பிரித்த பிறகு பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

“உள்ளங்கையில வைக்கிறாகல்ல. விரியமாட்டேங்குது. முதல் தடவை போனப்ப அப்பம் கீழ விழுந்துருச்சு. போதகரய்யா குனிஞ்சு எடுத்தாரு. எல்லாரும் பாத்தாக. அதுல இருந்து போறதில்ல.”

“வாயில குடுக்கச் சொல்லியிருக்கலாமே.”

“யார்ட்ட சொல்ல?”

சாருக்கு நாக்கு துறுதுறுத்தது. ‘நேசகுமார், இதிலும் ஒரு...’ என்று ஆரம்பித்துவிட்டார். நேசகுமார் திரும்பிப் பார்த்தான். சார் வாயை மூடிக்கொண்டார். ஒருவேளை இந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைக்கத்தான் நமக்கு அக்கி வந்ததோ என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதுமே வெட்கமாக இருந்தது. வாயை அடைத்தாலும் இந்தப் புத்தி அடங்கமாட்டேன் என்கிறதே. அப்படியே ஒரு நோக்கம் இருந்தாலும், இவன் கை வெந்ததை அதில் சேர்த்துப் பேச நாம் யார் என்று நினைத்தார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. மன்னிச்சுக்கோ.”

“என்ன சொன்னீக?”

“கையைப் பத்தி.”

“ஞாபகம் இல்ல சார். அன்னைக்கு இருந்த வலியில ஒன்னும் காதுல ஏறல” என்றான் நேசகுமார். “நீங்க எப்ப கிளம்புவீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சாருக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. அடிதான், ஆனால் அதில் ஆங்காரம் இல்லை. நடந்ததைச் சொன்னான். முன்னால் ஆட்கள் பீடத்தில் இருந்து திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கடைசிப் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சார் பெஞ்சின் முனையைப் பிடித்து எழுந்திருக்கப் போனார்.

“இப்பக் கிளம்பட்டுமா?”

நேசகுமார் அவர் விலாவில் காய்ந்துகொண்டிருந்த சிவப்பைப் பார்த்தான்.

“ரொம்ப வலிக்குதா சார்?” என்று கேட்டான்.

“ரொம்ப.”

நேசகுமார் சுவரோரமாக நகர்ந்து, அவர் வலது பக்கம் இடிபடாமல் இருக்க இடம் விட்டான்.

“இருங்க சார்” என்றான்.